செங்கண்மாரிக்கு முன்னால் வரும் ஒரு கிழமை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் காஷ்மீர் பற்றிய பகுதியை மட்டுமாவது விடாமல் வாசியுங்கள்.

மாரி மழை ஓய்ந்து, வாவித் தண்ணீர் வடியத் தொடங்கும் மாதங்களில் ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் ஒன்றைக் கவனிப்பதுண்டு. நன்றாக ஓடி விளையாடும் பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்துக் கிடக்கும். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மணத்தைப் பிடித்ததும் மூடி வைத்துவிடும். வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "கண்ணப் பாத்தம் சேர், வெள்ளையாத்தான் இரிக்கி. செங்கண்மாரி இல்ல."

கண் வெள்ளையாக இருந்தால் நோய் இல்லை என்ற இந்த நம்பிக்கை நமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. உலகம் முழுக்க இந்த நோய்க்கு அதன் நிறத்தை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டார் மஞ்சள் காமாலை என்கிறார்கள். சிங்கள மக்கள் 'செங்கமாலய' என்கிறார்கள். நம்முடைய சொல்லுக்கு அது உறவுக்காரச் சொல் என்பது கேட்டாலே தெரிகிறது. அரபு வைத்திய நூல்களில் இதன் பெயர் யரகான். 1037-இல் காலமான இப்னு சீனா தனது 'அல்கானூன்' நூலில் யரகானைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். நிறம் ஓர் அடையாளம்தான். மஞ்சள் நிறம் கண்ணில் ஏறுவதற்கு எத்தனையோ நாட்களுக்கு முன்பே நோய் உடம்புக்குள் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பெயர் வைத்தவர்கள் கடைசியில் வருவதைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கால வைத்தியர்கள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. சலத்தைப் பார்த்தார்கள். இப்னு சீனாவின் நூலில் சலத்தின் நிறம், தெளிவு, அடியில் படிவது என்று நீண்ட பகுதி ஒன்று இருக்கிறது. நமது பக்கத்துச் சித்த வைத்தியத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையும் அதுதான். கண்ணாடிக் குப்பியில் எடுத்த சலத்தைக் காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. இன்று நமக்கு அது அருவருப்பாகப்படலாம். செங்கண்மாரி விடயத்தில் அவர்கள் பார்த்த இடம் சரியான இடம்.

ஏனென்று சொல்கிறோம். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. ஈரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு அதன் வழமையான நிறத்தைக் கொடுப்பது அதுதான். வைரஸ் தாக்கி ஈரல் வீங்கும்போது அந்த வழி அடைபட, பிலிரூபின் இரத்தத்தில் தேங்கிச் சிறுநீரகம் வழியாக வெளியேறத் தொடங்கும். அப்போது சலம் பிளேன்டீ நிறமாகும், சிலருக்குக் கோலா நிறமாகும். குடலுக்கு நிறம் போய்ச் சேராததால் மலம் வெளிறிக் களிமண் போலாகும். இந்த இரண்டும் பெரும்பாலும் கண்ணுக்கு முந்தி வந்துவிடும். இரத்தத்தில் அது மேலும் கூடிய பிறகே கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரியும். அதையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரவில் மஞ்சள் பல்புக்குக் கீழே நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லோர் கண்ணும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சலம் கறுப்பதற்கும் முன்னால் வேறு சில உண்டு. காரணம் தெரியாத அசதி. இலேசான காய்ச்சல். வயிற்றைப் பிரட்டுதல், வாந்தி. வலது பக்க விலாவுக்குக் கீழே ஒரு கனம் அல்லது நோவு. எல்லாவற்றையும் விட, சாப்பாட்டில் வெறுப்பு. அது வெறும் பசியின்மை அல்ல. நேற்று வரைக்கும் ஆசையாகச் சாப்பிட்ட மீன் ஆணத்தின் மணம் அடுப்படியிலிருந்து வந்தாலே குமட்டும். பீடி, சிகரட் குடிப்பவருக்கு அதுவும் வெறுத்துப்போகும். வாப்பாமார் திடீரென்று சிகரட்டைத் தூக்கி எறிந்தால் சந்தோஷப்படுங்கள், கூடவே சலம் என்ன நிறம் என்றும் கேளுங்கள்!

இந்த முந்திய நாட்கள் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். நம் பக்கத்தில் பிள்ளைகளிடையே பரவும் செங்கண்மாரிக்குப் பொதுவான காரணம் ஹெபடைடிஸ் ஏ வைரஸ். அது மலத்தின் வழியாக வெளியேறி, தண்ணீர், சாப்பாடு, கழுவாத கை வழியாக அடுத்தவரின் வாய்க்குப் போகிறது. உள்ளே போய் 15 முதல் 50 நாட்கள் வரை, சராசரியாக 28 நாட்கள் சத்தமில்லாமல் இருக்கும். ஒருவர் மற்றவருக்கு அதை மிகக் கூடுதலாகக் கொடுப்பது கண் மஞ்சளாவதற்கு முன்பான இரண்டு கிழமைகளில். மஞ்சள் வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். நாமோ கண் மஞ்சளான பிறகு பாயைத் தனியாகப் போட்டு, கோப்பையைத் தனியாக வைக்கிறோம். கொடுக்க வேண்டியதை அவர் அதற்கு முதலே கொடுத்து முடித்திருப்பார்.

இன்னொன்று. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் பத்தில் ஏழு பேருக்கு இந்த வைரஸ் வந்தாலும் ஒன்றுமே வெளியில் தெரியாது. நமது மூத்தம்மாமார் காலத்தில் அனேகமாக எல்லோருக்கும் சின்ன வயதிலேயே இது வந்து, வந்ததே தெரியாமல் போய், ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிட்டது. இப்போது மலசலகூடமும் குழாய் நீரும் வந்த பிறகு பிள்ளைகள் சிறு வயதில் தப்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் தப்பியவர் பதினெட்டு, இருபது வயதில் பல்கலைக்கழக விடுதியிலோ வெளிநாட்டிலோ இதைச் சந்திக்கும்போது கட்டிலில் கிடத்திவிடும். வயது கூடக் கூட இந்த நோய் கடுமையாகும். "எங்கட காலத்துல இப்பிடிக் கிடக்கல்லியே" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். அவர்கள் பலமாக இருந்ததால் அல்ல, சின்னவர்களாக இருந்தபோதே வந்ததால்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1955 டிசம்பர். டில்லி நகரம். அந்த வருடம் பெருவெள்ளத்துக்குப் பிறகு யமுனை ஆறு தனது போக்கை மாற்றிக்கொண்டது. வசீராபாத்தில் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் நஜப்கர் கால்வாயின் கழிவு நீர் பின்னோக்கி வந்து கலந்தது. நீர் நிலையத்தில் இருந்தவர்கள் இதைக் கண்டுகொண்டு குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். அதனால் நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் கூடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தது. சில கிழமைகள் போனதும் கண் மஞ்சளாகி மக்கள் வரத் தொடங்கினார்கள். கணக்கெடுத்தபோது மஞ்சள் வந்தோர் மட்டும் சுமார் 29,300 பேர். பற்றீரியாவைக் கொன்ற மருந்து, கலங்கிய அந்த நீரில் இருந்த வைரஸுக்குப் போதவில்லை. சுத்தப்படுத்திய நீர் என்று நம்பிக் குடித்த ஒரு தலைநகரத்துக்கே இந்தக் கதி.

நீண்ட காலமாக அதை ஹெபடைடிஸ் ஏ என்றுதான் நினைத்திருந்தார்கள். ஏனென்றால் தண்ணீரால் பரவுவது 'ஏ', இரத்தத்தால் பரவுவது 'பி' என்று 1947-இல் மெக்கலம் என்ற ஆங்கிலேய வைத்தியர் பெயர் பிரித்திருந்தார். கணக்கு அத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அந்தக் கணக்கை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு காஷ்மீர் முஸ்லிம் வைத்தியர். பெயர் முஹம்மத் சுல்தான் குரூ.

1978-இன் குளிர் காலம். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் கிராமங்களில் செங்கண்மாரி பரவியது. மருத்துவமனைக்கு வந்தவர்களில் கர்ப்பிணிகள் நினைவு தப்பி, ஒருவர் பின் ஒருவராக மரணிப்பதைக் குரூ கண்டார். 'ஏ' வைரஸ் கர்ப்பிணிகளை இப்படிக் கொல்வதில்லை. அவர் பனியில் கிராமம் கிராமமாகப் போனார், வீடு வீடாகக் கணக்கெடுத்தார். பாதிக்கப்பட்ட ஊர்கள் ஒரே ஓடையின் நீரைக் குடித்தவை என்று கண்டார். இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது 'ஏ'யும் இல்லை, 'பி'யும் இல்லை. அவர் பின்தொடர்ந்த 208 கர்ப்பிணிகளில் 36 பேருக்கு நோய் வந்தது. அதே ஊர்களில் ஆண்களுக்கு வந்தது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாக. கர்ப்பிணிகளுக்கு நூற்றுக்கு 17. அந்த 36 பேரில் 8 பேருக்கு ஈரல் அடியோடு செயலிழந்தது.

குரூ தனது முதல் கட்டுரையை 1980-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள், 1955 டில்லித் தொற்றின்போது எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்தத்தை எடுத்துப் பார்த்து, அதுவும் 'ஏ' அல்ல என்று காட்டினார்கள். இருபத்தைந்து வருடங்களாகத் தவறான பெயரில் கிடந்த நோய்! 1983-இல் பலயான் என்ற சோவியத் விஞ்ஞானி நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்ததைத் தானே விழுங்கி, 36-ஆம் நாள் நோயில் விழுந்து, தன் மலத்திலேயே அந்த வைரஸை நுணுக்குக்காட்டியில் கண்டார். (இதைத் துணிச்சல் என்பதா, வேறு என்னவென்பதா என்று ஆசிரியர் அறையில் இன்னும் முடிவாகவில்லை.) இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ.

ஆகவே கர்ப்பிணிகள் விடயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். மசக்கையும் குமட்டலும் சோறு வெறுப்பதும் கர்ப்ப காலத்தில் சாதாரணம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். முதல் மூன்று மாதத்தில் அது பெரும்பாலும் சரி. ஆறு, ஏழு, எட்டாம் மாதத்தில் புதிதாகச் சோறு வெறுத்து, வாந்தி வந்து, சலம் கறுத்தால் அது மசக்கை அல்ல. அன்றைக்கே வைத்தியசாலை. பிள்ளைத்தாச்சியை ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் வழியில் வாகனத்தில் இருந்தும் செய்யலாம்.

நம் நாட்டிலும் இந்தக் கதைகள் உண்டு. 2007-இல் கம்பளையில் ஹெபடைடிஸ் ஏ பரவியது. 2009-இல் யுத்தம் முடிந்தபோது வவுனியா செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் அடைபட்டிருந்தார்கள். அங்கேயும் அதே நோய் பரவியது. நீரும் மலசலகூடமும் போதாத இடத்தில் மனிதரை நெருக்கி வைத்தால் இந்த வைரஸுக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

இனி நம் நிலத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி, நடுவில் ஒரு மணல் துண்டு. மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர். அது அல்லாஹ் தந்த பாக்கியம். ஆனால் வளவுகள் பிரிந்து பிரிந்து சிறுத்துவிட்டன. வாப்பாவின் வளவு நான்கு பெண்மக்களுக்கு நான்கு வீடாகிறது. நான்கு கிணறு, நான்கு மலக்குழி. நம் கிணற்றுக்கும் மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று எத்தனை பேர் அளந்திருக்கிறோம்? மாரி காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியும் கிணறும் ஒரே நீரில் நிற்கின்றன. மணல் அழுக்கை வடிக்கும் என்பது ஓரளவு உண்மை. வைரஸ் மணல் துணிக்கையை விடப் பல்லாயிரம் மடங்கு சிறியது என்பது முழு உண்மை. 2004 சுனாமியிலும் 2011 ஜனவரி வெள்ளத்திலும் கிணறுகள் என்ன பாடுபட்டன என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரத் தொடங்கியது பெரிய மாற்றம். ஆனாலும் "கிணத்துத் தண்ணிதான் ருசி" என்று குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ருசி இருக்கட்டும், கொதிக்க வைத்துக் குடியுங்கள். கொதித்த நீரில் இந்த வைரஸ் பிழைக்காது. ஐஸில் பிழைக்கும். நோன்புக் கஞ்சி கொதித்தது, அதில் பயமில்லை. பக்கத்தில் இருக்கும் சர்பத்தில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

கீழ்காய்நெல்லி பற்றிச் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் கீழாநெல்லி என்று சொல்லும் இந்தச் செடியை யாரும் ஆராயாமல் தள்ளிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்கையும் சேர்த்துக்கொண்டு, 1988-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்ட காலம் உடம்பில் சுமப்பவர்களுக்கு முப்பது நாள் இந்தச் செடியின் தூளைக் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் தூள் கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து முதலான இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அறிவியல் அதை இன்னும் மருந்தாக ஏற்காதது அதனால்தான், நம் செடி என்ற இளப்பத்தால் அல்ல.

அப்படியென்றால் பரிசாரியிடம் போய்ச் சுகமானவர்கள்? சுகமானது உண்மை. ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சில கிழமைகளில் தாமாகவே சுகமாகிறார்கள். கீழ்காய்நெல்லி குடித்தாலும் சுகம், குடிக்காவிட்டாலும் சுகம். எந்த மருந்துக்கும் பேர் வாங்கிக் கொடுக்கும் நோய் இது. ஆபத்து மருந்தில் அல்ல, மருந்து குடித்துக்கொண்டு காத்திருக்கும் நாட்களில். நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சுத் தடுமாறினால், ஆட்களை மாறி அழைத்தால், முரசில் இரத்தம் கசிந்தால், வாந்தி நிற்காவிட்டால் ஈரல் கைவிடுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் மணித்தியாலங்களே முக்கியம். காய்ச்சலுக்கு என்று வைத்தியரைக் கேட்காமல் பனடோலைக் கூட்டிக் கூட்டிக் கொடுப்பதும் ஏற்கெனவே நொந்த ஈரலின் மேல் ஏறி மிதிப்பதுதான்.

எல்லா மஞ்சளும் வைரஸ் அல்ல என்பதையும் வயல் செய்பவர்கள் கவனத்தில் வைக்க வேண்டும். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். ஆனால் அதில் கடுங்காய்ச்சல் மஞ்சளோடு கூடவே நிற்கும், கண் சிவக்கும், கெண்டைக்கால் தொட முடியாமல் நோகும், சலம் குறையும். ஹெபடைடிஸ் ஏயில் மஞ்சள் வரும்போது காய்ச்சல் பெரும்பாலும் விட்டுவிடும். 2008-இல் நமது நாட்டில் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் 7,000-க்கு மேற்பட்டோர் பதிவானார்கள். அதற்கு நேரத்தோடு கொடுத்தால் வேலை செய்யும் மருந்து இருக்கிறது. செங்கண்மாரி என்று நினைத்துப் பத்தியத்தில் இருத்தினால் அந்த நேரம் போய்விடும். வயலில் இறங்கியவர் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

'பி' பற்றிச் சுருக்கமாக. 1883-இல் ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மைத் தடுப்பு ஏற்றினார்கள். மாதங்கள் கழித்து 191 பேருக்கு மஞ்சள் வந்தது. மனித நிணநீரில் செய்த அந்த மருந்தோடு இரத்தத்தால் பரவும் வைரஸும் போயிருந்தது என்று பிறகுதான் விளங்கியது. இந்த வைரஸ் பலருக்கு மஞ்சளே காட்டாமல் வருடக்கணக்கில் ஈரலில் குந்தியிருந்து, கடைசியில் ஈரல் சுருங்கலாகவோ புற்றுநோயாகவோ வெளிவரும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். 2003 முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி படிப்படியாகக் கொடுக்கப்படுகிறது. கிளினிக் அட்டையில் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஏற்றும் ஐந்து நோய் ஊசிக்குள் அது இருக்கிறது. அதற்கு முன் பிறந்த நமக்கு இல்லை. ஆகவே ஒரே பிளேட்டால் பல தலை சிரைக்கும் இடத்தில் நம் தலையைக் கொடுக்கக் கூடாது. ஹஜ், உம்றாவுக்குப் போகும் வாப்பா, சாச்சாமாரின் பையில் புது பிளேட் பைக்கற் ஒன்றை நாமே வைத்துவிடுவோம். ஒஸ்தா மாமா வந்து சுன்னத்துச் செய்த காலம் போய் இப்போது பலர் வைத்தியரிடம் போகிறோம்; காது குத்தும் ஊசி விடயத்தில் மட்டும் இன்னும் அந்தக் கவனம் வரவில்லை.

கடைசியாக, பீ.எச்.ஐ. விடயம். தொற்று நோய் தடுப்புக்கு நம் நாட்டில் 1897-இல் இருந்தே சட்டம் இருக்கிறது. அதன்கீழ் வைரஸ் ஈரலழற்சி அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியர் அறிவித்தல் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். பலர் இதை மானப் பிரச்சினையாக எடுத்து, "எங்கட ஊட்டுல ஒண்டும் இல்ல" என்று கேற்றிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அவர் வழக்குப் போட வருபவரல்ல. அவர் பார்க்க வேண்டியது மூன்று: கிணறு, மலக்குழி, இரண்டுக்கும் இடையில் உள்ள மணல். கதவைத் திறந்து விடுங்கள். மதிலுக்கு அப்பால் இருக்கும் குழியையும் காட்டுங்கள். அது யாருடையது என்றாலும்.